கடைசியா இறங்கு

இல்ல மேடம், நான் யாருக்கும் கிளாஸ் எடுக்கல, எடுக்கணும்னா போர்டும் சாக்பீஸும் தூக்கிட்டு வந்திருப்பேன். நான் வாட்ஸப் குரூப்புல போட்டது மொத்தமே எட்டு வரி. பிள்ளைங்களுக்கு எண்ணெய் தடவி அனுப்பாதீங்க, இங்க வந்ததும் சோப்பு போட்டுக் குளிச்சாத்தான் தண்ணியில இறங்கலாம், இறங்குறதுக்கு முன்னாடி பாத்ரூம் போகணும், வயித்தால போயிருந்தா ரெண்டு வாரம் வரவேண்டாம், இப்படித்தான். இதுல எந்த வரியில உங்களத் திட்டினேன்? உங்க பையன அழுக்குன்னா சொன்னேன், எண்ணெய்னு சொன்னேன், அழுக்கு வேற எண்ணெய் வேற, கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், அந்த வித்தியாசம்கூடத் தெரியாமலா பாஸ் பண்ணினேன். திமிருன்னா திமிருதான். என் வாயப் பத்தி நீங்க புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல, எங்க டிபார்ட்மென்ட் எச்சோடிலேர்ந்து டவுன் பஸ் கண்டக்டர் வரைக்கும் சொன்னதுதான். எட்டு வரிக்கு நாலரை நிமிஷம் வாய்ஸ் அனுப்பியிருக்கீங்க, நீச்சல் குளக் கமிட்டித் தலைவி சுகந்தி மேடம், நேத்து சாயங்காலம் நான் லேபுல பிப்பெட்டப் பிடிச்சுக்கிட்டே கேட்டேன், பிப்பெட் கையில உடைஞ்சிருக்கும், அப்படி ஒரு ஆத்திரம். அதுல மூணாவது நிமிஷத்துல அந்தப் பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களே. ஏழு வயசுப் பிள்ளையப் பத்தி. இந்த அபார்ட்மென்ட்டுல இருநூத்தி நாப்பது வீட்டுக்கும் கேக்குற மாதிரி. அந்த வார்த்தைய நான் திருப்பிச் சொல்லமாட்டேன், இப்படி மனசுக்குள்ள உங்ககிட்டப் பேசுறப்பகூட, என் வாய் மோசம்தான், ஆனா அவ்வளவு மோசம் இல்ல.

ஆறு மணி ஆயிடுச்சு, வரிசையா நில்லுங்க, ஓடாத, தரை வழுக்கும், விழுந்தா பல்லு போயிடும். பதினோரு பேர், தண்ணி பாத்து, குளிக்க வச்சு இறக்கிவிடுறது உதவிக் கோச்சா என் வேலை. ரெண்டு நாள் குளம் மூடிக் கிடந்து இன்னைக்குத்தான் திறக்குது, தண்ணியப் பாத்ததும் வாலு முளைச்ச மாதிரி குதிக்குதுங்க. கோச் அருளப்பன் சார் அந்தப் பக்கம் கயிறு கட்டிக்கிட்டு இருக்கார், வந்ததுமே என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஜெனிட்டா, ஆறரைக்குக் கமிட்டி வருவாங்க, நீ எதுவும் பேசாத, அந்தப் பாப்பாவ அடுத்த பேட்ச்சுல பாத்துக்கலாம்"னார். அடுத்த பேட்ச்சு எப்ப சார்னு கேட்டேன். அடுத்த மே மாசம். அடுத்த மே மாசம் அவ வருவாளா சார், வரிசையில நின்னு, எல்லாரும் பாக்க, மறுபடி? அவர் கயிற முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தார். நல்ல மனுசன்தான். நல்ல மனுசங்க எல்லாம் இந்த மாதிரி நேரத்துல ஏதாவது ஒரு கயிறு கிடைச்சா முடிச்சுப் போட ஆரம்பிச்சுடுறாங்க. கைய நீட்டு, நகத்தக் காட்டு, இது என்ன நகமா நண்டுக் காலா, நாளைக்கு வெட்டிட்டு வரல, நான் வெட்டுவேன், விரலோட. சும்மா சொன்னேன்டா, அழாத. யாரெல்லாம் ஒண்ணுக்குப் போயாச்சு, கை தூக்குங்க. பொய் தூக்காத, கண்ணப் பாத்தாத் தெரியுது. "அக்கா, நான் அன்னைக்குத் தண்ணிக்குள்ளயே போயிட்டேன்க்கா", ஹர்ஷித்து, ஆறு வயசு, பெருமையாச் சொல்றான். அதான் அன்னைக்கு உன் பக்கம் மட்டும் தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சா. வரிசையே சிரிக்குது. சிரிங்க சிரிங்க, நீங்க எல்லாரும் அதக் குடிச்சீங்க. இப்ப ஓடிப்போய் உள்ள போயிட்டு வா, கடைசிச் சொட்டு வரைக்கும். குளத்துல மூக்கெரியுற ஒரு வாடை வருமே, அது குளோரின் நிறைய இருக்கு, சுத்தமா இருக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அது குளோரினும் இவனோட ஒண்ணுக்கும் வேர்வையும் சேந்து வர்ற வாடை மேடம். சுத்தத்தோட வாடை இல்ல. இதையும் குரூப்புல போட்டிருப்பேன், எட்டு வரிக்கே நாலரை நிமிஷம், ஒம்பதாவது வரி போட்டிருந்தா போலீஸக் கூப்பிட்டிருப்பீங்க.

வரிசையில கடைசியா நிக்கிறா இலக்கியா. நான் நிக்கச் சொல்லல. இன்னைக்கு யாரும் சொல்லல, அவளே போய் நின்னுக்கிட்டா. முட்டி ரெண்டுலயும், வாயச் சுத்தியும், இடது கண்ணு ஓரத்துலயும் வெள்ளை வெள்ளையா இருக்கு, வெண்புள்ளி, தோலுக்கு நிறம் குடுக்குறது அங்கங்க வேலைய நிறுத்திடுச்சு, அவ்வளவுதான், தொட்டா ஒட்டாது, தண்ணியில பரவாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது. இத நான் சொல்லல, தோல் டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார், அவங்க அம்மா அத பிளாஸ்டிக் கவர்ல போட்டு, நீச்சல் தொப்பியோட சேத்து பையில வச்சு அனுப்புறாங்க. திங்கக்கிழமை மொத நாள் வந்தப்ப எங்கிட்ட வந்து மொதல்ல தொப்பியக் காட்டினா, அப்புறம் கண்ணாடியக் காட்டினா, அப்புறம் அந்தக் கவரக் காட்டினா, எல்லாப் பிள்ளைங்களும் இப்படி ஒரு லெட்டர் கொண்டு வருவாங்கன்னு நினைச்சிருப்பா போல. நான் வாங்கிப் படிச்சேன். ஏன் படிச்சேன்? படிக்காம உள்ள வையின்னு சொல்லியிருக்கலாம்ல. சரி, அத விடு. செவ்வாக்கிழமைய என்ன பண்றது. செவ்வாக்கிழமைக்கு எப்படிப் போனாலும் வந்து முட்டுது புத்தி. செவ்வாக்கிழமை காலையில நீங்க படியில நின்னு, கைய ஆட்டி என்னைக் கூப்பிட்டு, குரலத் தாழ்த்திச் சொன்னீங்க. நான் திரும்பி வந்தேன். இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியில யோசிச்சிருக்கலாம், நின்னிருக்கலாம், போங்க மேடம்னு சொல்லியிருக்கலாம், இந்த வாய், பஸ்ஸுல ஒரு ரூபா சில்லறைக்குச் சண்டை போடுற வாய், அன்னைக்கு எங்க போச்சு. பத்துப் பிள்ளைங்களும் படியில உக்காந்து கால நனைச்சுக்கிட்டு இருக்காங்க, இவளும் உக்காரப் போறா, நான் தோளத் தொட்டு, தொட்டுத்தான் சொன்னேன், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், "இலக்கியா, நீ கடைசியா இறங்கு, என்ன." ஏன்னு கேக்கல அவ. அதுதான். ஏன்க்கான்னு கேட்டிருந்தா நான் முழிச்சிருப்பேன், மாட்டியிருப்பேன், தப்பிச்சிருப்பேன். ஏழு வயசுல ஒருத்தி ஏன்னு கேக்காம நகர்ந்து உக்காந்தா, அவளுக்கு இது எத்தனாவது தடவைன்னு ஒரு கணக்கு இருக்குல்ல.

அடுத்தவன் வா, ஷவருக்குக் கீழ நில்லு. ரிஷ்வந்த். உங்க பையன் மேடம், பளபளன்னு வந்திருக்கான், தேங்காயெண்ணெய், தலையிலேர்ந்து கணுக்கால் வரைக்கும், காது மடலுக்குப் பின்னாடிகூட விடல. எட்டு வரியில மொத வரியே இதுதான். வேணும்னே அனுப்பியிருக்கீங்க. உங்க பையன் மட்டும் இல்ல, பதினொண்ணுல எட்டு பேர் எண்ணெய்தான், மொத வாரம் பாத்துட்டு ஆடிப்போயிட்டேன், எங்க காலேஜ் குளத்துல எண்ணெயோட எவளாவது வந்தா அங்க இருக்குற கோச் துடைப்பத்தால அடிப்பார். கேட்டா, குளோரின் தண்ணி பட்டாப் பிள்ளை கறுத்துடுவானாம். எண்ணெய் தடவினா தண்ணி தோல்ல ஒட்டாதாம். ஒட்டாதுதான், எண்ணெய்தான் போய்த் தண்ணியில ஒட்டுது. குளோரின் கிருமியத் தின்னணும், எண்ணெயத் தின்னுட்டு ஓய்ஞ்சுடுது, பில்டர் அடைக்குது, காலையில வெயில் பட்டா மேலாக வானவில் மாதிரி மினுக்குது, அதப் பாத்து நீங்களே படியில நின்னு அழகா இருக்குன்னு போட்டோ எடுத்தீங்க, ஞாபகம் இருக்கா. கறுத்தாலும் பயம், வெளுத்தாலும் பயம். அவன் கறுத்துடக் கூடாது, இவ வெளுத்திருக்கக் கூடாது. உங்களுக்கு என்ன கலர் மேடம் வேணும், ஒரு ஷேடு கார்டு குடுங்க, பெயிண்ட் கடையில குடுப்பானே, அது. கை துறுதுறுங்குது மேடம், உங்க கொண்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இந்தப் படியில முட்டி போட வச்சு, பின்னங்கழுத்துல கைய வச்சு, உள்ள, பத்து எண்ணுற வரைக்கும், மூக்கு வழியா வாய் வழியாப் போகட்டும், உங்க பையன் எண்ணெயும் ஹர்ஷித்து ஒண்ணுக்கும் எல்லாம், தூக்கி, ஒரு மூச்சு விட விட்டு, மறுபடி உள்ள. அந்த வார்த்தைய மறுபடிச் சொல்லு பாப்போம், சொல்லுடீ, தண்ணிக்குள்ளேர்ந்து சொல்லு. பின்னங்கழுத்துல கை வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஏழாவது படிக்கையில ஹாஸ்டல்ல, தலையில பேனு. வார்டன் என்னைக் குழாயடிக்கு இழுத்துட்டுப் போய், அறுபது பேர் தட்டு கழுவ நிக்கிறாங்க, கழுத்த அமுக்கி, மண்ணெண்ணெய ஊத்தி, இரும்புச் சீப்ப மண்டையில வச்சு ஒரே இழுப்பு, காதோரம் ரத்தம் வந்து மண்ணெண்ணெயோட கண்ணுல இறங்கிச்சு. மத்தவங்களுக்குத் தொத்தக் கூடாதுல்ல, அதுக்குத்தாம்மான்னு சொன்னாங்க, எவ்வளவு பாசமா. அதுக்கப்புறம் அறுபது பேருல ஒருத்தியும் பக்கத்துல படுக்கல, பேனு போயி ரெண்டு மாசம் கழிச்சும் படுக்கல. தேய்க்கிறேன். நார வச்சு இவன் முதுகத் தேய்க்கிறேன், சோப்பு நுரைக்குள்ள எண்ணெய் போக மாட்டேங்குது, இன்னும் அழுத்தி, இன்னும், போகுதா பாரு, போ, போ,

"அக்கா வலிக்குது."

கை நிக்குது. முதுகுல நாலு கோடு, செவப்பா, தோள்பட்டையிலேர்ந்து கீழ வரைக்கும். நான் போட்டது. எட்டு வயசுப் பையன், முதுகெலும்பு முத்து முத்தாத் தெரியுது, ஷவர் தண்ணி அது மேல விழுந்து ரெண்டாப் பிரிஞ்சு ஓடுது. நார் என் கையில இருக்கு, வார்டன் கையில அந்த இரும்புச் சீப்பு இருந்த மாதிரி. சாரிடா. சாரி ரிஷ்வந்த், அக்கா தெரியாம. தெரியாம இல்ல, யார் முதுகுன்னு தெரிஞ்சுதான் தேய்ச்சேன். "அம்மாதான்க்கா தடவினாங்க, நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இல்லன்னா மாமா மாதிரி ஆயிடுவேனாம்." மாமா எப்படி இருப்பாரு. "கறுப்பா. ஆனா சூப்பரா பைக் ஓட்டுவாரு." நாரத் தூக்கி மூலையில போட்டுட்டு வெறுங்கையால சோப்பத் தடவுறேன், மெதுவா, கோடு மேல படாம. வெறுங்கையாலயே போகுது எண்ணெய். ரெண்டு தடவை போட்டாப் போயிடுது. அவ்வளவுதான் வேலை, இதுக்கு எதுக்கு ரத்தம். அப்ப அவன் குனிஞ்சு, ரகசியமா, ஆனா ஷவர் சத்தத்துக்கு மேல கேக்குற மாதிரி, "அக்கா, இலக்கியா மேல பட்டா நானும் வெள்ளையாயிடுவேனாக்கா"ன்னு கேக்குறான். நான் வாயத் திறக்குறதுக்குள்ள வரிசைக் கடைசியிலேர்ந்து பதில் வருது. "ஆகமாட்டடா. எங்கம்மா டெய்லி எனக்குத் தலை வாருறாங்க, சோறு ஊட்டுறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு மட்டும் எப்படி ஆகும், லூசு." அழுகை இல்ல, கோவம்கூட இல்ல, கடையில மிச்சச் சில்லறை தப்பாக் குடுத்தாத் திருத்துற மாதிரி சொல்றா. அவன் கொஞ்சம் யோசிச்சு, "அப்ப சரி"ன்னுட்டுத் துண்டத் தேடப் போயிட்டான். முடிஞ்சு போச்சு மேடம். நீங்க நாலரை நிமிஷம் பேசினதுக்கு உங்க பையன் எடுத்துக்கிட்டது ரெண்டு வார்த்தை.

ஆனா கமிட்டிக்கு முடியாதே. கமிட்டிக்கு ஆதாரம் இருக்கே. செவ்வாக்கிழமை தண்ணியில இருந்து ஏறினதும் நாலு பேருக்குக் கண்ணு மிளகாப்பழமாச் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு, ஹர்ஷித்து சொறிஞ்சு சொறிஞ்சு வாந்தியே எடுத்துட்டான், இலக்கியாவுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. அப்ப யாருகிட்டேருந்து வந்துச்சு, அவகிட்டேருந்துதான், அவளுக்கு இருக்கு, அதனாலதான் அவளுக்கு வரல, இதுதான் உங்க விஞ்ஞானம். அவளுக்கு ஏன் வரலன்னா அவ கடைசியா இறங்கினா. மத்தவங்க முப்பது நிமிஷம் தண்ணியில ஊறினாங்க, அவ அஞ்சு நிமிஷம். ஒதுக்கி உக்கார வச்சதால தப்பிச்சா, தப்பிச்சதால மாட்டினா. இத நான் புதன்கிழமையிலேர்ந்து யோசிக்கிறேன், தண்ணியில என்ன இருந்துச்சு, அன்னைக்கு நான் டெஸ்ட் பண்ணல, மொத பஸ்ஸ விட்டுட்டு லேட்டா வந்தேன், தினமும் கண்ணாடிக் குழாயில குளத்துத் தண்ணி எடுத்து டெஸ்ட் சொட்டு விட்டு மஞ்சளாகுதா, குளோரின் ஏறிப்போய் ஆரஞ்சாகுதான்னு பாக்குறவ, அன்னைக்குன்னு பாக்கல, தண்ணி தெளிவாத்தானே இருக்குன்னு சார் சொன்னார், சரின்னுட்டேன். அந்தத் தெளிவுதான் சந்தேகம். திங்கக்கிழமை எண்ணெயில கலங்கிக் கிடந்த தண்ணி ஒரே ராத்திரியில கண்ணாடியானா ஒண்ணு அற்புதம், இல்லன்னா குளோரின் மருந்து. இன்னைக்கு அஞ்சே முக்காலுக்கு வந்து, குளத்த வலையால அள்ளிக்கிட்டு இருந்த சவரிமுத்து அண்ணங்கிட்டக் கேட்டேன், அண்ணே, திங்கக்கிழமை எவ்வளவு போட்டீங்க. வலைய நிறுத்தல அவர். சுத்தியும் பாத்தார். "வழக்கமாப் போடுறதுல மூணு மடங்கும்மா. நானாப் போடல. அந்தப் பாப்பா இறங்கின தண்ணி, நல்லாக் கெட்டியாப் போடுன்னு மேடம் நின்னு போட வச்சாங்க. ராத்திரிக்குள்ள மருந்து வீரியம் குறையாதும்மான்னு சொன்னேன், சொன்னதச் செய்யின்னாங்க." அப்புறம் வலையத் தண்ணிக்குள்ள விட்டு, "எம் பேரச் சொல்லிடாத தாயி, ரெண்டு பொண்ணு படிக்குது"ன்னார். சொல்லமாட்டேன் அண்ணே. எப்படிச் சொல்லாம இருப்பேன், இருபது நிமிஷமா நெஞ்சுக்குள்ள கெடந்து குதிக்குது. சொன்னா உங்க வேலை போகும், சொல்லலன்னா இலக்கியா போயிடுவா. நான் சொல்லாம உண்மை வெளிய வரணும்னா போட வச்ச வாயிலேர்ந்துதான் வரணும். பதினோரு பிள்ளைங்க கண்ணுல அமிலத்த ஊத்தின மாதிரி ஊத்தினது நீங்க மேடம், ஒருத்தியக் கழுவுறதுக்கு. உங்க பையன் கண்ணும் சேத்துத்தான். அவன் கண்ணும்தான் சிவந்துச்சு, நீங்களே ஊதி விட்டீங்க, மடியில போட்டு, முந்தானைய வாயில வச்சு ஊதி ஊதி, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பக்கூட உங்களுக்குத் தோணலையா. தோணியிருக்கும். தோணினதாலதான் அந்த வார்த்தை அவ்வளவு சத்தமா வந்துச்சு.

இன்னைக்குத் தண்ணி சரியா இருக்கு, ரெண்டு தடவை பாத்துட்டேன், வெளிர் மஞ்சள். தொப்பி எல்லாரும் போட்டாச்சா, காத மூடு, முடிய உள்ள தள்ளு. படியில உக்காருங்க, கால் மட்டும் உள்ள, நான் சொல்லாம யாரும் இறங்கக் கூடாது. கேட்டுப் பக்கம் செருப்புச் சத்தம். கமிட்டி வருது, மூணு பேர், பின்னாடி அப்பா அம்மாக்கள், காபி டம்ளரோட சிலபேர். பிளாஸ்டிக் நாற்காலி இழுக்குறாங்க. நீங்க நடுவுல உக்காருறீங்க, தலை குளிச்சு, பூ வச்சு, என்னப் பாக்கல, அருளப்பன் சாரப் பாத்துத் தலைய லேசா ஆட்டுறீங்க, ஆரம்பிங்கன்னு. அவர் என்னத் தாண்டி இலக்கியாகிட்டப் போறார். குனிஞ்சு தோள்ல கை வைக்கிறார். "பாப்பா, நீ இன்னைக்கு"ன்னு ஆரம்பிக்கிறார். அவ அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எழுந்திரிக்கிறா. கேக்காம. மறுபடியும் ஏன்னு கேக்காம. சவரிமுத்து அண்ணன் தூரத்துல வலையோட நிக்கிறார், என்னப் பாத்துட்டு முகத்தத் திருப்பிக்கிறார். என் கால் ஈரமா இருக்கு, தரை ஜில்லுன்னு இருக்கு, அந்த இருபது அடி மறுபடியும் முன்னாடி கிடக்கு, இந்தத் தடவை உங்க பக்கம்.

"உக்காரு இலக்கியா. சார், ஒரு நிமிஷம் சார், கைய எடுங்க. சுகந்தி மேடம், கூட்டம்னீங்க, எல்லாரும் இருக்காங்க, நான் மொதல்ல சொல்லிடுறேன். செவ்வாக்கிழமை இந்தப் பிள்ளையக் கடைசியா இறங்குன்னு சொன்னது நான். யாரு சொல்லிச் சொன்னேங்கிறது அப்புறம், சொன்ன வாய் என்னுது. அன்னைக்குத் தண்ணிய டெஸ்ட் பண்ணாம பிள்ளைங்கள இறக்கினதும் நான். இப்ப உங்க பையன் முதுகுல நாலு கோடு இருக்கும், அதுவும் நான்தான். மூணுக்கும் என்னை வேலைய விட்டு அனுப்புங்க, போயிடுறேன். ஆனா கண்ணு அப்படி எரியணும்னா, உடம்பு அப்படித் தடிக்கணும்னா, தண்ணியில மருந்து பல மடங்கு இருந்திருக்கணும், அது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல, என் படிப்பே அதுதான். திங்கக்கிழமை சாயங்காலம் அத்தனையும் போட வச்சது யாரு மேடம்? எதுக்காகப் போட வச்சாங்க? எங்கிட்டச் சொல்ல வேண்டாம், குரூப்புல வாய்ஸ் வேண்டாம். இந்தப் பதினோரு பேரும் படியில உக்காந்திருக்காங்க, அவங்க அப்பா அம்மா நிக்கிறாங்க, இவளும் இங்கதான் இருக்கா. இவ முகத்தப் பாத்து, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, நீங்க பதில் சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் இன்னைக்கு இந்தத் தண்ணியில யாரும் இறங்கல."